அக்ராவில் ஒரு டம்ளர் தண்ணீர்

மதியம் மூன்று மணி. சிலேஷேயின் உடம்புக்கு மட்டும் நடுராத்திரி பன்னிரண்டு.

ஒசாகாவில் விமானம் ஏறி ஒன்றரை நாள் ஆகிவிட்டது. டாக்ஸி கனேஷி சந்தையில் மாட்டி நின்றபோது, கானாவின் தலைநகரான அக்ரா அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. தலையில் தண்ணீர்ப் பை அடுக்கிய பெண்கள், ஹாரன், ஒலிபெருக்கியில் ஒரு பாதிரியார், மறுபடி ஹாரன். அவளும் ஆப்பிரிக்காவில், ஜாம்பியாவின் லுசாக்காவில் வளர்ந்தவள்தான். இருந்தாலும் இவ்வளவு வெளிச்சத்தைக் கண் தாங்கவில்லை.

பக்கத்தில் குவாபெனா தன் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். கேட்கிறாயா என்றான். உம் என்றாள். பாதித் தூக்கம்.

அந்த அம்மா சம்மதித்தால்தான் கல்யாணம். அது மட்டும் தெளிவாக நினைவிருந்தது.

குவாபெனா வீட்டு முற்றத்தில் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டிருந்தார்கள். ஒன்றிலும் ஆள் இல்லை.

"என்னடா, பொண்ணு தூங்கிக்கிட்டே நடந்து வருது" என்று அம்மா சிரித்தார்.

உட்கார்ந்ததும் அம்மா தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். விருந்தாளி இரண்டு வாய் குடித்த பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்பார்கள்.

"வேணாம்மா, என்கிட்டயே இருக்கு."

கை தானாகப் பைக்குள் போய்விட்டது. விமான நிலையத்தில் வாங்கிய பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தாள். குடித்துவிட்டுச் சிரித்தாள் வேறு.

குவாபெனா தலையைக் குனிந்துகொண்டான்.

அம்மா அந்த டம்ளரைத் தானே எடுத்தார். அவள் கண்ணைப் பார்த்தபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"பாரும்மா, எனக்கு ஒண்ணும் ஆகல."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சிலேஷேவுக்குத் தூக்கம் மொத்தமாகக் கலைந்தது. மரியாதைக் குறைவு என்று புரிந்தது. லுசாக்காவில் செய்திருந்தால் அவள் அம்மா கன்னத்தில் ஒன்று விட்டிருப்பாள். ஆனால் அந்தப் பேச்சு? என்ன அர்த்தம் அதற்கு என்று கேட்டாள்.

"டாக்ஸியில அதத்தான் சொல்லிட்டு வந்தேன்" என்றான் குவாபெனா. "எங்க அண்ணி இந்த வீட்லதான் திடீர்னு செத்தாங்க. அதுலேர்ந்து நாலு வருஷமா இந்தத் தெருவுல ஒருத்தரும் எங்கம்மா கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. நீ வந்து குடிப்பேன்னு ஒரு வாரமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தாங்க."

அப்போதுதான், பக்கத்து மதிலுக்கு மேலே வரிசையாக நின்ற தலைகளைச் சிலேஷே பார்த்தாள்.