பூச்சி மருந்து

"இலையெல்லாம் சல்லடையாயிடுச்சு. புழுவுக்கு மருந்து அடிச்சிடும்மா," என்றார் மாமனார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

மருமகள் ஸ்பிரேயருடன் தோட்டத்துக்குப் போனாள். பின்னாலேயே காபி டம்ளருடன் மாமியார். அங்கே ஒரு பூச்சி, குட்டிப் பறவை போல அந்தரத்தில் நின்று, நீளக் குழலை நீட்டிப் பூவுக்குப் பூ தேன் குடித்துக்கொண்டிருந்தது.

"அந்தப் புழுதான் அத்தை வளர்ந்து இதுவா ஆகுது. எனக்கு மனசு கேக்கல. மூணு வாரமா வெறும் தண்ணிதான் அடிக்கிறேன். மாமாகிட்ட சொல்லிடாதீங்க."

மாமியார் நிதானமாக ஒரு வாய் காபி குடித்தார்.

"நீ அந்த மருந்து பாட்டில்லேர்ந்தே எடுத்து அடிச்சிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. மருந்தைக் கொட்டிட்டு நான் எப்பவோ தண்ணி ஊத்தி வெச்சுட்டேன். சாயங்காலம் இதைப் பாக்காம எனக்குக் காபி இறங்காது. உங்க மாமாவுக்குத் தெரிஞ்சா குதிப்பார்."

உள்ளே மாமனாரின் போன் அடித்தது. மகன்.

"அப்பா, கடையிலதான் இருக்கேன். பூச்சி மருந்து தீர்ந்திருக்குமே, வாங்கிட்டு வரவா?"

மாமனார் தோட்டத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"வேண்டாம்டா. அந்த பாட்டில்ல இருக்கிறதே நான் சாயம் கலந்து வெச்ச தண்ணி. புழுன்னா உங்கம்மாவுக்கு ஆகாது. நான் மருந்து அடிக்கச் சொல்லலேன்னா, அவளே போய் நிஜ மருந்தை வாங்கிட்டு வந்துடுவா."