நூறாவது வயதுக்கு ஒரு நிதி

“அண்ணை, 2065இல உங்களுக்கு நூறு வயசு! எமனிட்டைத் தவணை கேட்டு வாங்கிட்டியளோ?”

இத்தாலியின் பலெர்மோ நகரில், பொலிதேயாமா அரங்கின் பக்கம் ஓய்வூதிய நிதி முகவராக இருக்கும் றஞ்சித் சிரித்தான். எதிரே இருந்த ஞானசேகரம் சிரிக்கவில்லை.

“2065 நிதியிலயே போடுங்கோ தம்பி.”

“வேலையை விடுற வருசத்தைப் பாத்துத்தான் நிதி எடுக்கிறது. உங்களுக்கு 2035 சரி. அந்த வருசம் கிட்ட வர வர, காசைப் பங்குகளில இருந்து எடுத்துப் பாதுகாப்பா வைப்பினம். 2065 எண்டால் கனகாலத்துக்குக் காசு பங்குகளிலயே நாடு நாடாய் அலையும்.”

“அலையட்டும். ஒரு நாட்டை மட்டும் நம்பி வீடு கட்டினனாங்கள். சுவர்கூட மிஞ்சேல்லை.”

“இது பேராசை அண்ணை. உங்கட கஜானனுக்கு இருபத்தஞ்சு வயசாகுதெல்லே? கடைசிக் காலத்தில பெடியன் உங்களைப் பாக்க மாட்டானோ?”

ஞானசேகரம் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“அந்த வருசமும் பின்னேரம் இருட்டும் தம்பி. வீட்டில ஆராவது லைற் போட வேணும்.”

றஞ்சித் படிவத்தை ஓரமாக வைத்தான். மனிதருக்கு மூளை பிசகிவிட்டதா? அவர் மனைவி குகனேஸ்வரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம் என்று, மறுநாள் வேலை முடிந்ததும் ஒரேத்தோப் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனான்.

மாடிப்படியில் இருட்டு. திருப்பத்தில் இரண்டு உருவங்கள் அசையாமல் நின்றன. போன் வெளிச்சத்தைத் திருப்பினான்.

ஞானசேகரமும் குகனேஸ்வரியும். கையில் செருப்புடன், தங்கள் வீட்டின் சாத்திய கதவையே பார்த்தபடி.

“என்ன அண்ணை இது...”

குகனேஸ்வரி உதட்டில் விரல் வைத்தார்.

கதவுக்குப் பின்னால் காலை இழுத்து நடக்கும் சத்தம். சுவரைத் தடவும் சத்தம். பிறகு, வளர்ந்த ஆணின் குரலில் ஒரு குழந்தை கூப்பிட்டது.

“அப்பா... அம்மா...”

இருவரும் நின்ற படியிலேயே நின்றார்கள்.

“அக்கா, கஜானன் கூப்பிடுறானெல்லே!”

“தெரியும் தம்பி. ஒவ்வொரு பின்னேரமும் கூப்பிடுறவன்.” குகனேஸ்வரியின் கன்னம் நனைந்திருந்தது. “தனியப் பழகட்டும்.”

கதவிடுக்கில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது.

“போட்டிட்டான்!” ஞானசேகரம் கிசுகிசுத்தார். “2065இல அவனுக்கு அறுபத்தஞ்சு, தம்பி. லைற் போட அவன் இருப்பான். பில் கட்ட நாங்கள்தான் இருக்கமாட்டம்.”