சாரல் வாரத்தில் ஒரு பால்கேன்

ஆதம் பாய் ஒரு கரண்டித் தயிரை வாயில் போட்டுத் தலையை ஆட்டினார். எங்களுக்கு மூச்சு வந்தது.

அடுத்து, "பால் ஊத்தி வைக்குத கேனைக் கொண்டாங்க. தயிரு இன்னைக்கி நல்லா இருக்கலாம் தங்கச்சி, தெனமும் எப்படின்னு கேன்தான் சொல்லும்" என்றார்.

என் மனைவி சுகந்தியின் முகம் மாறியது.

பாய் குற்றாலத்தில் ஒரு பெரிய லாட்ஜின் சமையல் பொறுப்பாளர். அவர் சரி என்றால் சீசன் முடிகிற வரை எங்கள் தயிரும் பன்னீரும் அங்கே போகும். இலத்தூரில் நாலு மாட்டை வைத்துக்கொண்டு சுகந்தி இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள்.

பாய் மூடியைத் திறந்து, மூக்கை அல்ல, முகத்தையே கேனுக்குள் விட்டார்.

எங்கள் வீட்டில் கேன் கழுவுவது லேசுப்பட்ட விஷயம் இல்லை. நான் பட்டாளத்தில் இருந்தவன். அங்கே தொட்டி, தரை எல்லாவற்றுக்கும் பிளீச்சிங் பவுடர்தான். ஓய்வு பெற்று வந்த புதிதில், கேனுக்கும் ஒரு கரண்டி போட்டால் என்ன என்று வாயைக் கொடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"அது கக்கூஸுக்கு. பாலுக்கு வெயில்தான்" என்பது அவள் சட்டம்.

முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். அப்புறம் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். அதற்கு மேல் கொதிக்கிற தண்ணீர். கடைசியில் மாடியில் கவிழ்த்து வெயிலில் காய வைக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அன்று முழுக்க எனக்குப் பாட்டுதான்.

ஆனால் சாரல் பிடித்து ஒரு வாரமாக வெயிலைக் கண்ணில் காணோம். மாடியில் கவிழ்த்த கேன் காய்வதற்குப் பதில் நனைந்தது. நேற்று மூடிக்குள் லேசாக ஒரு கெட்ட வாடை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

பாயின் முகம் இன்னும் கேனுக்குள்ளேயே இருந்தது.

சுகந்தி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். இப்படி ஒரு நேரத்தில் என்னை முறைப்பதுதான் அவள் வழக்கம். இன்று என் பக்கமே திரும்பவில்லை.

பாய் நிமிர்ந்தார்.

"ஒரு வாடையும் இல்லையே. இந்தச் சாரல்ல எதுல கழுவுதிய?"

சுகந்தி வாயைத் திறந்தாள்.

நான் முந்திக்கொண்டேன். "புளியும் வெந்நியும்தான் பாய். வெயில் இல்லைன்னா இட்லிக் கொப்பரை ஆவியில கவுத்துருவோம். எல்லாம் இவ சொல்லிக்கொடுத்தது."

நாளை முதல் அனுப்பச் சொல்லிவிட்டு, பாய் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பினார்.

சுகந்தி கேனை எடுத்து மோந்து பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தடவை மோந்தாள். பிறகு அடுப்படியில் ஈரமாகக் கவிழ்ந்து கிடந்த இட்லிக் கொப்பரையைப் பார்த்தாள். காலையில் நாங்கள் சாப்பிட்டது தோசை.

இன்று விடிகாலையில் அவள் தொழுவத்தில் கறந்துகொண்டிருந்தபோது, பால் ஊற்ற நான் கேனைத் திறந்தேன். குப்பென்று பட்டாள வாடை. எனக்கா தெரியாது அது? பவுடர் டப்பாவை நான் தொடவில்லை. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர்.

புளியும் பவுடரும் சேர்ந்தால் நச்சுப் புகை கிளம்பும். அதனால் வாடை அடியோடு போகும் வரை குழாயடியில் அலசி அலசித் தீர்த்தேன். அப்புறம்தான் புளியைக் கையில் எடுத்தேன்.

அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருடச் சண்டையில் அவள் தோற்றுப்போனால் வீடு எனக்கே நன்றாக இருக்காது.

தயிர் ஏடு எங்கள் வீட்டில் நெய்க்கு மட்டும்தான். நான் கேட்டால் கரண்டியால் அடி விழும்.

இன்று மத்தியானம் அவ்வளவு ஏடும் என் சோற்றில் விழுந்தது.