ஓட்டை விழுந்த இலைகள்

நாற்றுப்பண்ணையின் பச்சை வலைக்கூரை வழியே வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. அவள் முன்னால் இரண்டு எலுமிச்சைக் கன்றுகள். ஒன்று எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கிறது; இன்னொன்றில் இலையெல்லாம் ஓட்டை. பக்கவாதத்தில் பேச்சிழந்து படுத்திருக்கும் அப்பாவின் ஜன்னலுக்கு ஒரு வண்ணத்துப்பூச்சியாவது வரட்டும் என்றுதான் போன மாதம் இங்கே ஒரு கன்று வாங்கிப்போனாள். தினமும் காலையில் புழுக்களைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டாள். ஜன்னலடியில் அந்தச் செடி இப்போது தளதளவென்று நிற்கிறது. "வரும் வரும்னீங்களே, ஒண்ணுகூட வரலையேண்ணே?" பண்ணைக்காரர் குழாயை மூடாமலே திரும்புகிறார். "வந்ததையெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டு என்னைக் கேக்குறீங்களேம்மா. அந்தப் புழுதாம்மா வண்ணத்துப்பூச்சி." தண்ணீர் வழிந்துவந்து அவள் செருப்பை நனைக்கிறது. புழு பொறுக்கும்போதெல்லாம் அப்பா ஜன்னலுக்குள்ளிருந்து இடக்கையை ஆட்டுவார். இவளும் சிரித்துக்கொண்டே கையாட்டுவாள். அவர் ஆட்டியது எதற்கு? "எதும்மா எடுத்துக்கிறீங்க?" ஓட்டை இலை ஒன்றின்மேல் பறவை எச்சம்போல ஒரு புழு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழக்கத்தில் அதைக் கிள்ளியெடுக்கப் போன விரல்கள் பாதியில் நின்று, எடுப்பதா விடுவதா என்று தெரியாமல், அப்பாவின் கையைப்போலவே காற்றில் ஆடுகின்றன.