போர்வைக்குள் ஒரு ஜக்

தொட்டிலில் பிள்ளை தூங்க, வயிற்றுத் தையலோடு எழும்ப முடியாமல் கிடந்த வதனி, ஐஸ்கட்டி மிதந்த தண்ணீர் ஜக்கைத் துவாயால் சுற்றிப் போர்வைக்குள் அணைத்திருந்தாள். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது. சுடுதண்ணீர் வேண்டுமென்று விரல்களால் ஆவி பறப்பதைக் காட்டும்போதெல்லாம், அந்தக் குளிர்தேசத்துத் தாதி அவளுக்குப் புழுங்குகிறதென்று நினைத்து இன்னும் ஐஸ் போட்டாள். குளிர் விடும்வரை ஜக்கை ஒளித்துவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு நாளாக நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்று போர்வையை விலக்கிப் பார்த்த தாதி, மனநல மருத்துவரைக் கூட்டி வந்துவிட்டாள். அவர் கைபேசியைக் கட்டிலில் வைக்க, மொழிபெயர்ப்பாளரான ஒரு தமிழ்ப் பெண்ணின் குரல் தயங்கி வந்தது: “தங்கச்சி, அந்த ஜக்கைப் பிள்ளையெண்டு நினைக்கிறீங்களோ எண்டு டொக்டர் கேக்கிறார்.” வதனி பல்லைக் கடித்தாள். “எனக்குத் தண்ணி விடாய்க்குது அக்கா. சுடுதண்ணி தரச் சொல்லுங்கோ.” கைபேசி அவர்களுடைய மொழியில் பேசத் தொடங்கியது. வதனி சொன்னது இரண்டே வரி. கைபேசி நிறுத்தவே இல்லை, குரல் ஏறிக்கொண்டே போனது. மருத்துவர் இருமுறை குறுக்கே பேச வாயெடுத்தார். அந்தப் பெண் விடவில்லை.