விளிம்பில் நின்ற காசு

லிஃப்ட்டின் தரையில் என் கணவர் ஒரு காசை விளிம்பில் நிறுத்தப் பார்த்தார்.

முதல் தடவை உருண்டது. இரண்டாம் தடவை புரோக்கரின் செருப்பருகே போய்ப் படுத்துக்கொண்டது. மூன்றாம் தடவை நின்றது.

வீடு பார்க்க வந்திருந்தோம். ஸ்டேஷன் ஐந்து நிமிடம், புறவழிச்சாலை மூன்று நிமிடம், ஆஸ்பத்திரி ஏழு நிமிடம் என்று புரோக்கர் வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டே வந்தார்.

"எல்லா இடத்துக்கும் போற வழி சொல்றாரு. வீட்டுல இருக்கவே விடமாட்டாரு போலிருக்கே," என்றேன் கணவர் காதில்.

எனக்கு உயரம் ஆகாது. பரணில் எதையாவது எடுக்க ஸ்டூலில் ஏறினாலே கால் நடுங்கும். பதினான்காவது மாடி என்றதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கோ அந்த வீட்டின் மேல் உயிர். இருபத்தாறு வருடம் மற்றவர்கள் ஏறிப்போக லிஃப்ட் மாட்டியவர். நாங்கள் குடியிருந்ததெல்லாம் வாடகைத் தரைத்தளம்.

"இது நான் மாட்டினது. காசு விழுந்துச்சுன்னா இப்படியே இறங்கிடலாம். அப்புறம் இந்த வீட்டப் பத்தி வாயே தொறக்க மாட்டேன்," என்றார்.

"அதுக்காகவாவது விழட்டும்."

பொத்தானை அழுத்தினார்.

இரண்டு. ஐந்து. புரோக்கர்கூட வாயை மூடிக்கொண்டார். மூன்று பேரும் தரையையே பார்த்தபடி நின்றோம். தன்னை யாரோ தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பதே அந்தக் காசுக்குத் தெரியவில்லை. ஒன்பது. பன்னிரண்டு.

பதினான்கில் கதவு திறந்தபோதும் அது நின்றுகொண்டிருந்தது.

கூடம் முழுக்க மாலை வெயில். ஜன்னலுக்குக் கீழே இரண்டு ரயில்கள் சத்தமே இல்லாமல் ஒன்றையொன்று கடந்தன. பாலத்தின் மேல் வண்டிகள் எறும்பு வரிசையாய் ஊர்ந்தன. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். ஆனால் பார்த்தேன்.

"சரி," என்றேன்.

பத்து நாள் கழித்து, வேலைக்குக் கிளம்பும்போது ஷூ நாடா கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

"தனியா அவ்ளோ உயரத்துல என்னக்கா பண்ணப் போற?" என்றான் தம்பி. வீட்டுக்குச் செய்திருந்த முன்பதிவை ரத்து செய்யச் சொல்லி அவனே கடிதம் எழுதிக் கொடுத்தான். அந்தக் கடிதத்தோடு பில்டர் அலுவலகத்தில் காத்திருந்தபோது, என் பைக்குள் இருந்த அவருடைய போன் அடித்தது.

எங்கோ ஒரு லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட பெண். விளக்கும் அணைந்துவிட்டதாம். அழுதாள்.

எனக்கு லிஃப்ட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர் போனில் சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கதவைத் தள்ளாதீர்கள். காற்று வரும், பயமில்லை. கீழே உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆள் வந்துகொண்டே இருக்கிறது.

அதையே சொன்னேன். என் போனில் அவருடைய கம்பெனியைப் பிடித்து ஆளை அனுப்ப வைத்தேன். கதவு திறக்கும்வரை அவளோடு பேசிக்கொண்டிருந்தேன்.

கடிதத்தைக் கொடுக்கவில்லை.

இப்போது பதினான்காம் மாடியில்தான் இருக்கிறேன். கண்ணுக்கெட்டும் தூரம்வரை அடுக்குமாடிகள். அவற்றில் அறுபத்து மூன்று லிஃப்ட்கள் அவர் மாட்டியவை என்று கம்பெனியில் சொன்னார்கள். இனி கம்பெனி எண்ணோடு புது ஸ்டிக்கர் ஒட்டப்போவதாகவும் சொன்னார்கள். பழையதற்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள், அவர் போனை நான் எடுக்கிறேன் என்றேன்.

அறுபத்து மூன்றிலும், பொத்தான்களுக்கு மேலே, அவசரத்துக்கு என்று அவர் கையால் எழுதிய எண் அப்படியே இருக்கிறது.