அனுமதிப் பட்டியல்

"சென்னைக் கம்பெனி ஒண்ணுக்கே ஏழு வரி எதுக்கு அண்ணாச்சி? மெயில் அட்ரஸ்ல ‘அட்’ குறிக்குப் பின்னால வர்ற கம்பெனி பேரை மட்டும் போட்டா, அங்கன இருந்து யார் எழுதுனாலும் மெயில் நேரா உள்ள வந்துரும்."

விருதுநகரிலிருந்து கணினியைச் சரிபார்க்க வந்திருந்த முனியராஜ் இப்படிச் சொன்னதும் தலைமை எழுத்தர் பாண்டிச்செல்வத்தின் முகம் கறுத்தது. நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் எவருடைய மெயில் உள்ளே வரலாம், எது ஸ்பாமில் ஒதுங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அனுமதிப் பட்டியல், இன்றுவரை அவர் கையில்தான் இருந்தது.

"ஒவ்வொரு பேரும் நான் பார்த்துப் பார்த்துப் போட்டது தம்பி. கல்யாணப் பத்திரிகை மாதிரி."

"பத்திரிகையில பேர் விட்டுப்போனா பங்காளி சண்டைக்கு வருவான் அண்ணாச்சி. மெயில் பாவம், சத்தமில்லாம ஸ்பாம்ல போய்ப் படுத்துக்கிடும்!"

உள்ளறையிலிருந்து முதலாளி கருத்தப்பாண்டி குரல் கொடுத்தார். "என்னய்யா, சென்னை ஆர்டரைக் கண்டுபிடிச்சாச்சா? பத்து நாளைக்கு முன்னாடியே மெயில்ல அனுப்பிட்டோம்ங்காக. சீசன் ஆர்டர் இல்லேன்னா நூறு பேரை வேலைக்கு வராதீகன்னு சொல்லணும். தப்பு யாருதுன்னு தெரியட்டும், அப்புறம் இருக்கு!"

வேட்டியின் ஒற்றைக் கிழிசலைக் கையால் மறைத்துக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தவனைப்போல் பாண்டிச்செல்வம் நெளிந்தார்.

"வேணும்னா எட்டாவதா ஒரு பேரைச் சேர்த்துக்கிடுவோமா?" என்றார் தணிந்த குரலில்.

"சேர்த்தா, அந்தப் பேரு இத்தனை நாளா ஏன் இல்லேன்னு கேள்வி வரும். ஒரே வரியாக்கிட்டா ஒரு கேள்வியும் இல்ல."

ஏழு வரிகளும் அழிந்து ஒற்றை வரியாயின. ஒதுங்கிக் கிடந்த பதினொரு மெயில்கள் வரிசையாக வந்து விழுந்தன.

"ஆர்டர் வந்துருச்சு முதலாளி! கம்ப்யூட்டர் கோளாறுதான்," என்று உரக்கச் சொல்லிவிட்டு, டீ குடிக்க வெளியே நடந்தான் முனியராஜ்.

பதினொன்றையும் அனுப்பியவர் ஒருவரே: சென்னைக் கம்பெனியின் கொள்முதல் மேலாளர் ரோஜா. இந்தப் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னிய இருளம்மாளின் மகள். பாண்டிச்செல்வத்துக்குக் கீழே நான்கு வருடம் டைப் அடித்தவள். கூலிக்காரி மகளை ‘மேடம்’ என்று அழைத்துப் பதில் எழுதக் கை கூசியதால், அந்த ஒரு பெயரை மட்டும் அவர் சேர்க்கவே இல்லை. ஆர்டரை மற்ற ஏழு பேரில் எவராவது அனுப்புவார் என்று நம்பியிருந்தார்.

பத்து மெயில்கள் ஆர்டரைப் பற்றியவை. நேற்றுத் தேதியிட்ட பதினொன்றாவது, அவருக்கே எழுதப்பட்டிருந்தது.

"அண்ணாச்சி, அந்தப் பட்டியலை முதன்முதல்ல டைப் அடிச்சவ நான்தான். அதுல என் பேரு எப்படி விட்டுப்போயிருக்கும்னு எனக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரிய வேண்டாம். ஒரே வரியாக்கி, உங்களுக்குத் தலைகுனிவு இல்லாம முடிச்சிட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கேன். முனியராஜ் என் கூடப்பிறந்த தம்பி."